அடியும் அதற்கு வைத்த பெயரும்

1927-ஆம் வருஷம் காதரின் மேயோ என்னும் அமெரிக்க மாது 'மதர் இந்தியா' என்ற புத்தகத்தை வெளியிட்டு, பால்ய விவாகத்தாலும் பிரசவ காலத்துக் கொடுமைகளாலும் நம் பெண்கள் பட்ட துன்பங்களையெல்லாம் ஹிந்து மதத்தின் கணக்கிலேயே எழுதி வைத்தபோது, தேசம் முழுவதும் கொதித்தெழுந்தது. லாலா லஜபதி ராய் மறு வருஷமே ஒரு முழுப் புத்தகம் எழுதி அதை மறுத்தார். சாக்கடைகளைப் பார்வையிடவே அனுப்பப்பட்டவர் எழுதிய அறிக்கை என்று கண்டித்த காந்தியடிகளோ, இந்தியர்கள் அதைப் படித்துப் பயன்பெறலாம் என்றும் சொன்னார். ஏனெனில் மேயோ காட்டிய புண்களில் மெய்யான புண்களும் இருந்தன. நம்மைச் சுட்டது அந்தப் புண்களைக் காட்டியதன்று. ஒரு புருஷன் செய்த கொடுமைக்காகக் கோடானுகோடி மக்களின் தர்மத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அந்த நியாயம்தான். அந்தச் சூட்டின் வேதனையை அறிந்த நாமே, பிற்காலத்தில் அதே கோலைக் காய்ச்சி முஸ்லிம்கள்மேல் வைக்கத் தலைப்பட்டோம் என்பது எனக்கு மிகுந்த துயரத்தைத் தருகிறது.

முஸ்லிம் மனைவிக்கு அடிபடுவதைத் தவிர வேறு கதியில்லை என்று துணிந்து பேசுகிறவர்கள் 1939-ஆம் வருஷத்து முஸ்லிம் விவாக ரத்துச் சட்டத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். கொடியவனான கணவனிடமிருந்து விடுபட வழியின்றிப் பஞ்சாபில் சில பெண்கள் மதத்தையே துறக்கத் துணிந்ததைக் கண்டு, அஷ்ரப் அலி தானவி போன்ற உலமாக்கள் இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான மாலிகியின் விதிகளைத் துருவி ஆராய்ந்து வகுத்த பரிகாரம் அந்தச் சட்டத்துக்கு வழி வகுத்தது. கணவன் வழக்கமாக அடித்தால் மட்டுமல்ல, கைநீட்டாமலே தன் நடத்தையின் கொடுமையால் மனைவியின் வாழ்வைத் துயரமாக்கினாலும், அவள் நீதிமன்றம் சென்று விவாகத்தை ரத்து செய்துகொள்ளலாம் என்று அது விதித்தது. 1955-இல் வந்த ஹிந்து விவாகச் சட்டமோ கொடுமையைப் பிரிந்து வாழ்வதற்கு மட்டுமே காரணமாக ஏற்றது. அது விவாகரத்துக்கும் காரணமாயிற்று என்று திருத்தம் வந்தது 1976-இல். முப்பத்தேழு வருஷம் முந்திய இந்த ஏற்பாட்டை நம் ஜனங்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

1980-களுக்கு வருவோம். அந்நாளில் பத்திரிகையைப் பிரித்தால், உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தியாக 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் மரணம்' என்று இருக்கும். மாமியாரும் நாத்தனாரும் நாள்தோறும் பற்றவைக்கும் அதே மண்ணெண்ணெய் ஸ்டவ், சீர் குறைந்துபோன மருமகள் பம்ப் அடித்தால் மட்டும் வெடிக்கும் விந்தையை ஊரார் பேசிக்கொண்டார்களேயன்றி, அது எந்த மதத்தின் அடுப்பு என்று எவரும் கேட்கவில்லை. கேளாதது நியாயமே. வரதட்சிணை என்றார்கள், பேராசை என்றார்கள். அக்கொடுமைகளைத் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983-இல் 498-ஏ பிரிவும் 1986-இல் 304-பி பிரிவும் வந்தன.

அதே வருஷங்களில்தான் இந்தூரைச் சேர்ந்த ஷா பானுவின் வழக்கு நடந்தது. 1932-இல் ஒரு வக்கீலை மணந்து, ஐந்து மக்களைப் பெற்று, நாற்பத்துமூன்று வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு 1975-இல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட அம்மூதாட்டி, வருஷத்துக்கு அறுபதாயிரம் ரூபாய் போலச் சம்பாதிப்பவராகச் சொல்லப்பட்ட கணவரிடம் மாதம் ஐந்நூறு ரூபாய் ஜீவனாம்சம் கேட்டு 1978-இல் மனுச் செய்தார். மாஜிஸ்திரேட் விதித்தது இருபத்தைந்து ரூபாய். மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அதையும் கொடுக்க மனமின்றி அந்த மனிதர் உச்சநீதிமன்றம்வரை போனார். 1985 ஏப்ரல் 23-இல் தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐவர் அந்த அம்மாளுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள்.

வயதான மனைவியைக் கைவிட்டுக் காசுக்குக் கணக்குப் பார்க்கும் கணவன்மார் எல்லாச் சாதியிலும் உண்டென்பதாலன்றோ, ஷா பானு மனுச் செய்த, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு சகல மதத்தாருக்கும் பொதுவாக இயற்றப்பட்டிருந்தது! ஆயினும் தெருவிலும் மேடையிலும் விசாரணைக்கு வந்தது அந்தக் கணவரின் கஞ்சத்தனமன்று, இஸ்லாம்தான். தங்கள் மார்க்கத்துக்கே ஆபத்து வந்ததென்று முஸ்லிம் தலைவர்கள் பலர் திரண்டார்கள். ராஜீவ் காந்தியின் அரசாங்கம் அவர்களுக்கு இணங்கி, அந்தத் தீர்ப்பின் பலனைக் குறைக்க 1986-இல் தனிச் சட்டம் இயற்றியது. அது தவறென்றே நான் கருதுகிறேன். ஆனால் கிழவியின் சோற்றுக்காக ஒருநாளும் கவலைப்படாதவர்கள், அவர் சமூகத்தை ஏசுவதற்காக மட்டும் அவர் பெயரை எடுத்தாண்டதை அதனினும் பெரிய அதர்மமென்பேன். இரு புறமும் இழுக்கப்பட்ட ஷா பானு 1985 நவம்பரில் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதி, தாம் வென்ற தீர்ப்பையே வேண்டாமென்றார்.

அந்தக் கடிதத்தை எண்ணும்போதெல்லாம் என் பால்யத்தில் நாங்கள் குடியிருந்த தெரு நினைவுக்கு வருகிறது. எதிர்வீட்டுக் கணக்குப்பிள்ளை ராத்திரியில் குடித்துவிட்டு மனைவியை அடிப்பார்; மறுநாள் குழாயடியில், 'பாவம், நல்ல மனுஷன், குடிதான் கெடுத்தது' என்பார்கள். இரண்டு வீடு தள்ளியிருந்த தோல் வியாபாரியும் அப்படியே அடிப்பார். அதே குழாயடியில், அதே வாய்கள், 'துலுக்கன் வீட்டில் இதெல்லாம் சகஜம்தானே' என்று சொல்லும். கணக்குப்பிள்ளையின் மனைவி வீங்கிய கன்னத்தோடு வந்து எங்கள் அம்மாவிடம் அழுவாள், அம்மா மஞ்சள் பற்றுப் போட்டு விடுவாள். தோல் வியாபாரியின் மனைவியும் தொடக்கத்தில் வந்துகொண்டிருந்தவள்தான். ஒருநாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றபோது அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு, அடிபட்ட நாட்களில் அவள் தண்ணீருக்கு வரவில்லை. பத்து வயது மகன் சிறிய குடத்தோடு வந்து, 'உம்மாவுக்குக் காய்ச்சல்' என்று சொல்லிவிட்டுப் போவான்.