பயன்பாட்டுவழி மென்பொருள் சோதனை

சோதனைக்கான ஆளும் நாளும் குறைவாக உள்ளபோது, மென்பொருளின் எந்த வசதி எவ்வளவு பயன்படுகிறது என்று கணக்கிட்டு அதற்கேற்ப உழைப்பைப் பங்கிடும் முறை. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் மூசா 1993இல் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக்கியது.

ஓர் ஏடிஎம்மில் நூற்றுக்கு எழுபது பேர் பணம் எடுக்கிறார்கள், இருவர் பின் எண் மாற்றுகிறார்கள் என்றால் சோதனைகளும் ஏறத்தாழ அதே விகிதத்தில் அமையும். வாடிக்கையாளர் அடிக்கடி சந்திக்கக்கூடிய பிழைகள் முதலில் சிக்கும். பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரத்தையும் மதிப்பிடலாம். அது இலக்கைத் தொட்டால் வெளியிடலாம். ‘எப்போது நிறுத்துவது’ என்ற ஓயாத வாக்குவாதத்துக்கு இது ஓரளவு விடை.

எண்ணிக்கையை மட்டும் நம்புவது ஆபத்து. அரிதாக இயங்கினாலும் பெருஞ்சேதம் தரக்கூடிய பகுதிகளுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். எடுத்துக்காட்டாக, 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. திசையறி கருவியின் மென்பொருள் ஏரியான் 4இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. கணினியின் சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக, அளவு மீறக்கூடிய ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு தரப்பட்டிருந்தது. விடுபட்ட மூன்றில் ஒன்று, 16 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்ததே விபத்துக்கு வழிவகுத்தது. இத்தனைக்கும், அந்த மாறியைக் கணக்கிட்ட பகுதிக்கு ஏரியான் 5 தரையை விட்டபின் வேலையே இல்லை. புதிய ராக்கெட்டின் பறப்புப் பாதையை வைத்துக் கருவியைச் சோதித்திருந்தால் பிழை தரையிலேயே வெளிப்பட்டிருக்கும் என விசாரணைக் குழு கண்டது.