இருந்து பார்த்தல்

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் பிபிசி ஓடும். மகள் செற்றியில் கால்களை மடித்துப் போட்டு இருப்பாள். நான் அவளுக்குப் பின்னால் அயன் பண்ணும் பலகையோடு நிற்பேன். திங்கட்கிழமைக்கான உடுப்புகள் ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். "இருந்து பாருங்கோவன் அம்மா" என்பாள். "நீ பார் பிள்ளை, எனக்கு இங்க நிண்டாலும் தெரியுது" என்பேன். 1994இல் லண்டனுக்கு வந்தேன். அன்றிலிருந்து இந்த நாட்டுத் தொலைக்காட்சியை விருப்பத்தோடு பார்த்து வருகிறேன். பெரும்பாலும் நின்றுகொண்டுதான்.

இது யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்ததன் மிச்சம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஆண்கள் சாப்பிட்டு எழும்பும்வரை இருக்காத ஓர் அம்மாவுக்குப் பிறந்தவள் நான். இந்த நாட்டுத் தொலைக்காட்சியின் வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, இங்கும் வீட்டுக்குள் பெண் எப்போது இருப்பாள், எப்போது எழும்புவாள் என்று யாரோ முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வட லண்டனில் அலெக்சாண்ட்ரா பலஸ் என்ற குன்றுமேல் கட்டடத்திலிருந்து 1936 நவம்பர் 2ஆம் திகதி பிபிசி தன் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. போர் வந்ததும் நிறுத்தினார்கள். 1946 ஜூனில் திரும்பத் தொடங்கியபோது ரீவி வைத்திருக்கும் வீடுகளுக்கு வருடத்துக்கு 2 பவுண் உரிமக் கட்டணம் வந்தது. அந்தக் கட்டணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஒரு மணித்தியாலம்.

1957 வரை மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை பிரித்தானியாவில் தொலைக்காட்சி இல்லை. பழுது அல்ல, திட்டமிட்டே திரையை வெறுமையாக விட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி முடிந்துவிடும். பெரியவர்களுக்கானது இன்னும் தொடங்கியிராது. அந்த இடைவெளியில் பிள்ளைகளைப் படுக்கைக்கு அனுப்ப வேண்டும். 'சின்னப்பிள்ளைகளின் போர்நிறுத்தம்' என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். போர்நிறுத்தம் என்ற சொல்லை வேறு விதமாகக் கேட்டு வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். யாருக்கும் யாருக்கும் இடையிலான போர் இது? பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கதை சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு வருகிறவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையில்தான். அந்த ஒரு மணித்தியாலத்தில் அப்பா என்ன செய்தார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அம்மாக்களின் வசதி பார்த்து இதை நீக்கவுமில்லை. 1955 செப்டெம்பரில் விளம்பரத்தில் ஓடும் ஐடிவி வந்தது. மாலையில் ஒரு மணித்தியாலம் விளம்பரம் இல்லையென்றால் அவர்களுக்கு அது நட்டம். பிபிசிக்கோ இடைவெளி போனால் கூடுதல் நிகழ்ச்சிக்குக் கூடுதல் செலவு. இழுபறியின் முடிவில், பிள்ளையை நேரத்துக்குப் படுக்க வைப்பது பெற்றோரின் பொறுப்பு, அரசின் பொறுப்பல்ல என்ற நிலையை எடுத்தார் அப்போதைய தபால்துறை அமைச்சர் சார்லஸ் ஹில். 1957 பெப்ரவரி 16, சனிக்கிழமை, அந்த வெறுமையான மணித்தியாலத்தில் இளைஞர்களுக்கான இசை நிகழ்ச்சி ஒன்று ஒளிபரப்பானது. படுக்க வைக்கும் வேலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது ரீவியும் ஓடிக்கொண்டிருக்க அதைச் செய்ய வேண்டும்.

பிற்பகலுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. 1953இலிருந்து 'அம்மாவோடு பார்' என்ற தலைப்பில் மிகச் சின்னப் பிள்ளைகளுக்கான பதினைந்து நிமிட நிகழ்ச்சிகள். ரீவியைக் காட்டிவிட்டு அம்மா தன் பாட்டில் போய்விடக் கூடாது, பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இவற்றில் பெயர்பெற்ற பலவற்றைச் செய்தவர்கள் ஃப்ரீடா லிங்ஸ்ட்ரொம், மரியா பேர்ட் என்ற இரண்டு பெண்கள். லிங்ஸ்ட்ரொம் அப்போது பிபிசி தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சிப் பிரிவுக்கே தலைவி. திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைக் கட்டுப்படுத்தும் விதியொன்றை 1932இல் கொண்டுவந்து 1944வரை வைத்திருந்த நிறுவனம் அது. அலுவலகத்தில் வேலை செய்த பெண்கள், வீட்டில் இருக்கும் பெண்ணை மனத்தில் வைத்து இதைச் செய்தார்கள். இதற்காக நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. 1955இல் தொடங்கிய 'வுடன்டொப்ஸ்' என்ற மரப்பொம்மைக் குடும்பத்தை மகள் கணினியில் தேடிக் காட்டினாள். அப்பா, அம்மா, பிள்ளைகள், புள்ளி போட்ட நாய். அம்மாவுக்கு உதவிக்கு வரும் பெண்ணின் பெயர் மிஸிஸ் ஸ்க்ரபிட். தேய்த்துக் கழுவும் வேலையே அவளுக்குப் பெயராகிவிட்டது. "அவவுக்கும் பிள்ளையள் இருந்திருக்கும், அதுகளோட இருந்து பார்த்தது ஆர்?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. பொம்மைக்கதை அவள் வீட்டுக்குப் போவதேயில்லை.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஈஸ்ட் ஹாமில் இரண்டு அறை வாடகை வீடு. இவர் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. இரவு ஏழு மணிக்கு வெளிக்கிட்டுப் போவார். அதுவரை ரிமோட் அவருடைய கதிரைக் கைப்பிடியில் இருக்கும். பறித்து வைத்திருந்தார் என்றில்லை, அதன் இடமே அதுதான் என்பதுபோல் இருக்கும். டேவிட் மோர்லி என்ற ஆய்வாளர் தென் லண்டனில் பதினெட்டுக் குடும்பங்களைச் சந்தித்துப் பேசி 1986இல் ஒரு நூல் வெளியிட்டார். எல்லாம் வெள்ளைக்காரக் குடும்பங்கள். வாசித்தபோது அந்தக் கதிரைக் கைப்பிடியை அங்கேயும் கண்டேன். ஆண்கள் சத்தமில்லாமல், கவனம் சிதறாமல் பார்க்க விரும்பினார்கள். பெண்கள் கதைத்துக்கொண்டோ வேறொரு வேலை செய்துகொண்டோ பார்த்தார்கள். சும்மா இருந்து பார்ப்பது அவர்களுக்குக் குற்றம் செய்வதுபோல் இருந்தது. அதற்கு நான்கு வருடம் முன்னர் டொரத்தி ஹொப்சன் 'கிராஸ்ரோட்ஸ்' தொடர் பற்றி எழுதிய நூலுக்காக, பார்வையாளர்களின் வீடுகளுக்கே போய் அவர்களோடு இருந்து அதைப் பார்த்தார். அது ஓடுவது மாலைச் சாப்பாட்டு நேரம். குசினிக்கும் திரைக்கும் இடையில் பெண்கள் ஓடித் திரிந்ததை அவர் பதிந்திருக்கிறார். அந்தத் தொடரை மட்டமானது என்று பரிகசித்தவர்கள் பலர். அதை யார், எந்தக் கையில் என்ன வேலையோடு பார்க்கிறார்கள் என்று அவர்கள் போய்ப் பார்க்கவில்லை.

ஏழரைக்கு எனக்குரிய நேரம் வரும். திங்கள், புதன், வெள்ளி, 'கொரொனேஷன் ஸ்ட்ரீட்'. வீட்டில் வைத்துத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தையல் மெஷினுக்கு முன்னால் இருப்பது இருப்பில் சேராது. மெஷின் ஓடினால் ஆட்கள் கதைப்பது கேட்காது. ஆகவே தெறி தைப்பது, நூல் வெட்டுவது போன்ற சத்தமில்லாத வேலைகளை ஏழரைக்கென்று சேர்த்து வைப்பேன். என் ஆங்கிலம் அங்கேதான் உருவானது. மான்செஸ்டர் பக்கத்துப் பேச்சு. 'டா' என்றால் நன்றி என்பது தெரியாமல், தன் கடைக்கு வந்த வயதான ஆளைப் பார்த்து ஒரு பெண் அப்படிச் சொன்னபோது திடுக்கிட்டுப் போனேன். 1998இல் டியர்டிரி என்ற பாத்திரம், ஏமாற்றுக்காரன் ஒருவனை நம்பியதால் அவன் செய்த மோசடிக்குத் தான் சிறைக்குப் போனாள். நான் அழுதேன். "கதைக்குப் போய் அழுறியே" என்று இவர் சிரித்தார். அவளை விடுவிக்கச் சொல்லி நாடே எழும்பி, பிரதமர் பிளேயர்கூட அதில் வாய் வைத்தபோது எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

அந்தத் தொடர் 1960 டிசம்பர் 9ஆம் திகதி தொடங்கியது. தொடக்க கால கறுப்பு வெள்ளைப் பகுதிகளைப் பிந்தித்தான் பார்த்தேன். தலையில் வலை கட்டிய ஈனா ஷார்ப்பிள்ஸ், கூட மின்னியும் மார்த்தாவும். மதுக்கடையின் சின்ன அறையில் மூன்று கிழவிகள் இருந்து ஸ்டவுட் குடித்துக்கொண்டு ஊரை விமர்சிக்கிறார்கள். ஒருவரும் அவர்களை எழுப்பவில்லை. இவ்வளவு நேரம் பெண்கள் இருந்து கதைப்பதைத் திரையில் வேறெங்கும் நான் கண்டதில்லை. அதை எத்தனை பெண்கள் நின்றுகொண்டு பார்த்திருப்பார்கள்!

உரிமக் கட்டணத்துக்கு வருகிறேன். எங்கள் உரிமம் இவருடைய பெயரில் இருந்தது. ஒரு பகல் கதவு தட்டுப்பட்டது. கையில் அட்டையோடு ஓர் ஆள். குடிவரவுக்காரர் என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது. ரீவி பற்றித்தான் கேட்டார். கட்டியிருந்தோம், பற்றுச்சீட்டைத் தேடிக் காட்டினேன், நன்றி சொல்லிப் போய்விட்டார். கட்டாமல் இருந்திருந்தால்? கட்டாமல் பார்ப்பது குற்றவியல் குற்றம், தண்டம் 1,000 பவுண்வரை போகலாம். இந்தக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிற்கிறவர்களில் பத்துப் பேரில் ஏழு பேர் பெண்கள். இந்த வேறுபாட்டை ஆராய்ந்து 2017இல் ஓர் அறிக்கையே வந்தது. தனியாக வீடு நடத்துகிறவர்களில் பெண்கள் கூட. பகலில் வீட்டில் இருந்து கதவைத் திறப்பதும் பெண்கள்தான். பார்க்கும்போது இருக்க முடியாதவளை, வீட்டில் இருந்தாள் என்பதற்காக வழக்கு வந்து பிடிக்கிறது. 2025 ஏப்ரலில் கட்டணம் 174 பவுண் 50 பென்ஸ் ஆனது. நான் பார்க்கிற கணக்குக்கு அது பெறுமதி என்றே சொல்வேன். ஆனால் அதற்காகப் பெண்ணைக் குற்றவாளியாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போன பனிக்காலம் மகளும் நானும் 'கோல் த மிட்வைஃப்' தொடரை முதலிலிருந்து திரும்பப் பார்த்தோம். கதை தொடங்குவது 1957இல், பொப்லாரில். எங்கள் வீட்டிலிருந்து 115ஆம் இலக்க பஸ்ஸில் போகக்கூடிய இடம். சைக்கிளில் போய்ப் பிள்ளைப்பேறு பார்க்கும் தாதிமாரும் கன்னியாஸ்திரிகளும். ஏழாவது தொடரில் லூசில் என்ற ஜமேக்கா மருத்துவத்தாதி வருகிறாள். நிறத்தைப் பார்த்து முகம் திருப்பும் வீடுகளுக்குள் போய் அவள் வேலை செய்வதைப் பார்த்தபோது, "என்னட்டயும் இப்பிடி ஒராள் நிண்டவ" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "எப்ப?"

"நீ பிறக்கேக்க. கரீபியன்காரி. எனக்கு அப்ப பெயின் எண்ட சொல்லைத் தவிர ஒண்டும் தெரியாது. அவ விடிய விடிய என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அப்பா வேலையில."

"இதை நீங்கள் எனக்குச் சொல்லவேயில்லை."

எப்போது சொல்வது? அவள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். லூசில் சைக்கிளோடு தெருவில் அப்படியே நின்றாள். "அயனை நூத்துப்போட்டு வந்து இருங்கோ" என்றாள் மகள். இவருடைய சேட்டில் இன்னும் ஒரு கை மிச்சம் இருந்தது. வயரைக் கழற்றிவிட்டுப் போய் இருந்தேன். வலி தொடங்கியது எத்தனை மணிக்கு என்பதிலிருந்து கேட்கத் தொடங்கினாள்.