கொண்டைக்கடலையில் குளிர் தாங்கும் ரகங்கள்: யாருக்குத் தேவை?

கொண்டைக்கடலை குளிர்காலப் பயிர்தான். ஆனால், பூக்கும் பருவத்தில் கடுங்குளிர் அதற்கு ஆகாது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் செடி பச்சையாக நிற்கும், பூவும் பூக்கும். காய் மட்டும் பிடிக்காது. பஞ்சாப், அரியானா போன்ற வட மாநிலங்களில் குளிர் உச்சத்தில் இருக்கும்போது வரும் பூக்கள் இப்படித்தான் வீணாகின்றன. குளிர் குறைந்து காய் பிடிக்கத் தொடங்கினால், சில வாரங்களில் வெயில் ஏறிவிடுகிறது. காய் முற்றுவதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு என்பதால் மகசூல் அடிபடுகிறது.

கோளாறு பூவுக்குள் இருக்கிறது. சூல்முடியில் விழும் மகரந்தம் முளைத்து, மெல்லிய குழாயாக நீண்டு, சூலைச் சென்றடைய வேண்டும். குளிரில் அந்தக் குழாய் மெதுவாக வளர்கிறது. கருவுறாத பூ உதிர்ந்துவிடுகிறது. கூடுதல் உரம் போட்டுத் தீர்க்கிற பிரச்சினை அல்ல இது. ரகத்தில்தான் தீர்வு இருக்கிறது.

மேற்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இந்த இடத்தையே பிடித்துக்கொண்டார்கள். நம் ஐதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் ஐ.சி.சி.வி. 88516 என்ற குளிர் தாங்கும் வரிசையைப் பெற்றோராக எடுத்துக்கொண்டார்கள். கலப்பினச் செடியின் மகரந்தத்தைக் கொண்டு குளிரிலேயே மகரந்தச் சேர்க்கை செய்தால், குளிரில் வளரக்கூடிய மகரந்தத்துக்கே சூலைச் சேரும் வாய்ப்பு அதிகம். ஆயிரக்கணக்கான செடிகளை வயலில் பார்த்துக் கழிக்கும் வேலையில் ஒரு பகுதியைப் பூவே செய்துகொடுக்கிறது! சொனாலி, ரூபாலி ரகங்கள் இப்படி வந்தவைதான்.

உறைபனி என்பது வேறு கதை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் இலையும் தண்டுமே கருகும். சிரியாவில் வசந்த காலத்தில் விதைத்து வந்த கடலையைக் குளிர்கால மழைக்கு முன்னேற்ற, இக்கார்டா நிறுவனம் உறைபனியையும் அஸ்கோகைட்டா கருகல் நோயையும் சேர்த்துத் தாங்கும் வரிசைகளைத் தேடியது. சைசர் ரெட்டிகுலேட்டம் போன்ற காட்டு இனங்களிலும் குளிர் தாங்கும் தன்மை கிடைத்தது.

கோவை, திருப்பூர் பகுதிக் கரிசல் நிலங்களில் கடலை போடும் உங்களுக்கு இந்தக் குணம் தேவையில்லை. மார்கழியிலும் இங்கே சராசரி வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல்தான். நமக்குச் சிக்கல், மண்ணின் ஈரம் தீர்வதும் கடைசியில் வரும் வெயிலும். 'குளிர் தாங்கும்' என்று சொல்லி வட மாநிலங்களுக்கான நீண்ட நாள் ரகத்தை யாராவது விற்க வந்தால், முதலில் வயது எத்தனை நாள் என்று கேளுங்கள். 90 நாளை ஒட்டி அறுவடைக்கு வரும் ரகமே நமக்குத் தோது.