வலிப்பு நோயில் மூளைக் குருதியோட்டப் படிமவியல்

மூளைக் குருதியோட்டப் படிமவியல் என்பது மூளையின் எப்பகுதிக்கு எவ்வளவு குருதி செல்கிறது என்பதை மண்டையோட்டைத் திறக்காமலேயே படமாகக் காட்டும் மருத்துவ முறைகளின் பொதுப்பெயர் ஆகும். கால்-கை வலிப்பு உள்ளவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்துகளால் வலிப்பு கட்டுப்படுவதில்லை. அவர்களுள் சிலருக்கு, வலிப்பு தொடங்கும் பகுதியை, அதாவது வலிப்புக் குவியத்தை, அறுவை மூலம் அகற்றினால் வலிப்பு நின்றுவிடக்கூடும். அக்குவியம் எங்குள்ளது என்று அறியவே இப்படிமங்கள் எடுக்கப்படுகின்றன. ஒருவருக்கு வலிப்பு நோய் உள்ளதா என்று முடிவு செய்ய இவை தேவையில்லை; அதற்கு நேரில் கண்டவர் சொல்லும் விவரமும் மின்மூளை வரைவுமே முதன்மையானவை.

அடிப்படை

நரம்பணுக்கள் மிகையாகச் செயற்படும்போது அவற்றின் ஆக்சிசன் தேவை கூடுவதால், அவ்விடத்துக் குருதிக்குழாய்கள் விரிகின்றன. எனவே வலிப்பின்போது குவியத்தில் குருதியோட்டம் மிகும். வலிப்பில்லாத வேளைகளில் அதே இடத்தில் குருதியோட்டம் பெரும்பாலும் இயல்பைவிடக் குறைந்திருக்கும். ஒரே இடம் இரு வேளைகளில் நேரெதிராகத் தோன்றுவதால், எந்த வேளையில் எடுத்த படம் என்று தெரியாவிட்டால் அதனைத் தவறாகப் படிக்க நேரும்.

ஸ்பெக்ட் முறை

இம்முறையில் டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கத் தனிமம் சேர்ந்த மருந்து சிரை வழியே செலுத்தப்படுகிறது. அது குருதியோட்டத்திற்கு ஏற்ற அளவில், ஓரிரு நிமிடங்களுக்குள் மூளையில் படிந்து அங்கேயே தங்கிவிடும். டெக்னீசியம்-99எம்மின் அரைவாழ்வுக் காலம் 6 மணி நேரம் என்பதால், வலிப்பு அடங்கியபின் நோயாளரைப் படமெடுக்கும் அறைக்குக் கொண்டு செல்லலாம். படத்தில் தெரிவது ஊசி போட்ட வேளையின் நிலையே.

இதன் இடர்ப்பாடும் இங்குதான் உள்ளது. வலிப்பு எப்போது வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. நோயாளரை மருத்துவமனையில் தங்கவைத்து, நிகழ்படத்துடன் மின்மூளை வரைவையும் இடைவிடாது பதிவுசெய்து, பயிற்சி பெற்ற செவிலியர் ஊசியுடன் அருகில் காத்திருக்க வேண்டும். வலிப்பு தொடங்கிய சில நொடிகளில் மருந்து உட்செல்ல வேண்டும். தாமதித்தால் வலிப்பு பரவிய இடங்கள் மிகுந்து தெரியும், குவியம் மறைந்துவிடும். 1998இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பொட்டு மடல் வலிப்பில் குவியத்தைக் கண்டறியும் திறன் வலிப்பின்போது ஊசி போட்டால் 97 விழுக்காடு, வலிப்பு முடிந்த உடனே போட்டால் 75 விழுக்காடு, இடைப்பட்ட காலத்தில் 44 விழுக்காடு எனக் கணித்தது. வலிப்பின்போதைய படத்திலிருந்து இடைக்காலப் படத்தைக் கணினியில் கழித்து, எஞ்சுவதை எம்ஆர்ஐ படத்தின் மேல் பொருத்திப் பார்க்கும் முறை ‘சிஸ்காம்’ எனப்படும்.

தென்னிந்தியாவில்

இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை, ஆகஸ்ட் 25, 1952 அன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியால் செய்யப்பட்டது. இவர் மொன்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். அந்தப் பென்ஃபீல்டே 1930களில், திறந்த மூளையில் வலிப்பின்போது குருதியோட்டம் மாறுவதைக் கண்ணால் கண்டு எழுதியவர். சாண்டியின் காலத்தில் சிடி, எம்ஆர்ஐ, ஸ்பெக்ட் எதுவும் இல்லை.

இன்றும் எல்லோருக்கும் ஸ்பெக்ட் தேவைப்படுவதில்லை. 1995இல் வலிப்பு அறுவைத் திட்டத்தைத் தொடங்கிய திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், எம்ஆர்ஐ படமும் நிகழ்பட மின்மூளை வரைவும் ஒத்துப்போகும் நோயாளருக்கு வேறு செலவுமிக்க சோதனைகள் இன்றியே அறுவை செய்யலாம் என நடைமுறையில் காட்டியது. நம் நாட்டில் மிகுந்து காணப்படும் நாடாப்புழுக் கட்டிகளால் வரும் வலிப்பிலும் சிடி அல்லது எம்ஆர்ஐ படமே பெரும்பாலும் போதுமானது. எம்ஆர்ஐயில் எந்தக் குறையும் தெரியாதபோதும், சோதனைகள் ஒன்றோடொன்று முரண்படும்போதும்தான் குருதியோட்டப் படிமம் உண்மையில் கைகொடுக்கிறது.

ஊசியற்ற முறை

1992இல் அறிமுகமான தமனித் தற்சுழற்சிக் குறியிடல் என்னும் எம்ஆர்ஐ முறையில் ஊசியும் இல்லை, கதிரியக்கமும் இல்லை. கழுத்துத் தமனிகளில் செல்லும் குருதியின் நீர் மூலக்கூறுகளே ரேடியோ அலைகளால் காந்தக் குறியிடப்படுகின்றன. சிறுவருக்கும் அச்சமின்றித் திரும்பத் திரும்பச் செய்யலாம். ஆனால் அக்குறி சில நொடிகளில் அழிந்துவிடும் என்பதால், ஸ்பெக்ட் போல வலிப்பின் கணத்தைப் பிடித்துவைக்க இதனால் இயலாது. நோயாளர் எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாது படுத்திருக்கவும் வேண்டும். ஆகவே வலிப்புக்கு இடைப்பட்ட காலத்திலோ வலிப்பு முடிந்த பின்னரோதான் இது பெரும்பாலும் எடுக்கப்படுகிறது.