அரை மணித்தியால வித்தியாசம்: கணினிக்குத் தெரியாத வன்னி நேரம்

கம்பளையில் காலை 6 மணி என்றால், அதே கணத்தில் கிளிநொச்சியில் 5.30. ஒன்பதரை ஆண்டுகள் இந்தத் தீவில் இரண்டு நேரங்கள் ஓடின. மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் குடியேறியவர்களுக்கும் ஊரில் தங்கிவிட்ட உறவுகளுக்கும் இடையே கடிகாரமும் பிரிந்து நின்றது. அக்காலப் பிறப்பு, இறப்பு, காணாமற்போதல் விபரங்களைக் கணினியில் பதிவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

1996இல் வரட்சி கடுமையாக இருந்தது. கம்பளைக்கு மேலேயுள்ள கொத்மலை போன்ற நீர்த்தேக்கங்களை நம்பியிருந்த நாட்டில் மின்வெட்டு நீண்டது. மாலை நேர மின்பாவனையைக் குறைக்க, மே 25 அன்று அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தியது. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15இல் பழைய நேரம் மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோ பழைய நேரத்தை மாற்றவே இல்லை. ஓமந்தையைக் கடந்தவர்கள் கைக்கடிகாரத்தையும் திருத்த வேண்டியிருந்தது.

லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள் நேரத்தை ஒரே எண்ணாக வைத்திருக்கின்றன: 1970 ஜனவரி 1, சர்வதேச நேரம் நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகள். சி மொழியில் ‘டைம்’ என்ற செயற்கூறு அந்த எண்ணைத் தரும். ‘லோக்கல்டைம்’ அதை உள்ளூர் நேரமாக்கும். இதற்கு அது நேரவலயத் தரவுத்தளத்தைப் பார்க்கிறது. நமக்குரிய வலயத்தின் பெயர் ‘ஏசியா/கொலம்போ’. மேற்சொன்ன மூன்று மாற்றங்களும் அதில் உள்ளன. வன்னிக்கென்று தனி வலயம் இல்லை.

2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலையை எழுப்பிய நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நொடி எண் 1104022733. கொழும்பு வலயத்தில் கேட்டால் கணினி காலை 6.58 என்கிறது. கம்பளைக்கு அது சரி. முல்லைத்தீவு மக்களின் கடிகாரத்தில் அப்போது 6.28. அங்கு ஒருவர் தன் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன நேரத்தைக் கொழும்பு வலயத்தில் பதிந்தால், சம்பவம் அரை மணித்தியாலம் முன்னரே நடந்ததாகிவிடும். சாட்சியங்களை ஒப்பிடும்போது இது சிறிய பிழையல்ல.

செய்ய வேண்டியவை:

• ஆவணத்தில் உள்ள நேரத்தை எழுதியபடியே ஒரு நிரலில் வையுங்கள். மாற்றிய நேரத்தை வேறு நிரலில் இடுங்கள்.

• எந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன நேரம் என்று குடும்பத்தாரிடம் கேட்டுக் குறியுங்கள். இடத்தை வைத்து மட்டும் ஊகிக்க வேண்டாம்.

• வன்னிக் கடிகார நேரம் என்று உறுதியானால், 1996 மே 25 முதல் 2006 ஏப்ரல் 15 வரையான பதிவுகளுக்கு ‘ஏசியா/கோல்கட்டா’ வலயத்தைப் பயன்படுத்துங்கள். இந்திய நேரமும் வன்னி நேரமும் அப்போது ஒன்றே.

• பைதன் மொழியில் 3.9 பதிப்பிலிருந்து உள்ள ‘சோன்இன்ஃபோ’ தொகுதி இவ்விரு வலயங்களையும் கையாளும். வலயப் பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சிடவும்.

2009இன் பதிவுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதற்கு முன்னரே கடிகாரங்கள் ஒன்றாகிவிட்டன. அதற்கு முந்திய காலத்தைப் பதியும்போது, கணினி தரும் நேரத்தை அப்படியே ஏற்காமல் எவருடைய நேரம் என்று ஒருமுறை கேளுங்கள்.