பட்டிப்பூவை அவிச்சுக் குடிக்க முதல்

வீட்டு வாசலிலும் மையவாடி மணலிலும் யாரும் தண்ணி ஊத்தாமலேயே பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவைத் தெரியாதவர் நம்மட ஊரில் இல்லை. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்பார்கள். சிங்களத்தில் மினீ மல், அதாவது பிணப்பூ. "இதுதான் கென்சர் மருந்து, நம்மட முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சது, வெள்ளைக்காரன் களவெடுத்துட்டான்" என்று ஒரு வட்ஸ்அப் செய்தி இடைக்கிடை சுற்றும். கென்சர் மருந்து என்பது பாதி உண்மை. மற்றதெல்லாம் பிழை.

முதலில், செடியே நம்மட இல்லை. அதன் தாய்மண் மடகஸ்கார். அங்கிருந்து வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. பரவிய இடங்களில் மக்கள் அதைப் பாவித்தது பெரும்பாலும் சீனி வருத்தத்துக்கு.

1952இல் ஜமேய்க்காவிலிருந்து கனடாவுக்கு ஒரு கடித உறை போனது. உள்ளே இந்தச் செடியின் 25 இலைகள். ஜமேய்க்காவில் இதை அவித்துக் குடித்தால் சீனி குறையும் என்று கேள்விப்பட்ட ஒரு நோயாளி, டொக்டர் கிளார்க் நோபிளுக்கு அனுப்பியது. (இன்சுலின் ஆய்வில் சேர்வது யார் என்று 1921இல் நாணயம் சுண்டியபோது சார்ள்ஸ் பெஸ்ட்டிடம் தோற்றவர் இவர்தான் என்று சொல்வார்கள்.) அவர் இலையைத் தன் தம்பி ரொபர்ட் நோபிளிடம் கொடுத்தார். எலிகளுக்கு வாயால் கொடுத்தபோது சீனி அசையவில்லை. ஊசியால் ஏற்றியபோது கிருமித் தொற்றில் செத்தன. ஏன்? வெள்ளை அணுக்கள் விழுந்திருந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்! சீனிக்குத் தேடப் போனவர் அங்கே திரும்பினார். சார்ள்ஸ் பீர் என்ற இரசாயனவியலாளர் 1954இல் வந்து சேர, 1958இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் எலை லிலி கம்பனியும் சீனி மருந்து தேடி இதே செடியில் இறங்கியிருந்தது. அவர்களின் வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்திய பத்தாண்டில் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளை பிழைப்பது மிக அரிது. இன்று வசதியுள்ள நாடுகளில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் அளவில் பிழைக்கிறார்கள். வின்கிறிஸ்டின் தனியாக அல்ல, வேறு மருந்துகளோடு சேர்ந்துதான்.

அப்படியானால் இலையை அவிச்சுக் குடிச்சால் என்ன? ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குக் கிட்டத்தட்ட 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டினோ பெரியவர்களுக்கே ஒருமுறைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாது, நரம்பூசியாக மட்டும்தான் ஏற்றுவார்கள். ஒரு கோப்பைக் கசாயத்தில் இருக்கும் நூறுவகைப் பொருட்களில் எது எவ்வளவு என்று எந்தப் பரிசாரியாலும் அளக்க முடியாது. மஹரகமவுக்கு இரவு பஸ் ஏறுபவர்களில் சிலர் "இங்கிலீஸ் மருந்து வேணாம், இலை மருந்து செய்வம்" என்று இடையில் நிறுத்துகிறார்கள். அங்கே ஏற்றும் மருந்திலும் இந்த இலை இருக்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

களவு என்ற பேச்சு முழுக்கப் பொய்யல்ல. கம்பனி நிறைய உழைத்தது, மடகஸ்காருக்கு ஒன்றும் போகவில்லை. ஒரு நாட்டின் செடிகொடியில் அந்த நாட்டுக்கு உரிமை உண்டு என்று உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை எழுதப்பட்டது 1992இல். அதற்குள் வின்கிறிஸ்டின் சந்தைக்கு வந்து 29 வருடம்.