உறவுமுறை விலக்கு

நெருங்கிய உறவினருக்குள் மணமும் பாலுறவும் கூடாது என்னும் சமூகத் தடை. இதன் வேரை விலங்குகளிடமும் காணலாம். நிலக்கோட்டைக்குக் கிழக்கே சிறுமலையில் திரியும் நாட்டுக்குரங்குகளில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். வளர்ந்த ஆண்களில் பல வேறு கூட்டம் தேடிப் போகும். தாயும் மகனும் இணைவது குரங்கினங்களில் அரிது. சிறுவயதில் சேர்ந்து வளர்ந்தவர்களிடையே பாலீர்ப்பு மங்கும் என்று பின்லாந்து அறிஞர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891-இல் எழுதினார்.

ஆனால் உயிரியல் விளக்குவது பாதிதான். நிலக்கோட்டை வட்டாரத்தில் தாய்மாமன் மகள் முறைப்பெண். சித்தப்பா மகளோ தங்கச்சி, அவளைக் கட்டும் பேச்சே எழாது. இருவரோடும் ஒருவனுக்குள்ள மரபணுப் பங்கு சராசரியாக எட்டில் ஒன்று என்ற ஒரே அளவுதான். சம்பந்தம் பேசுமுன் பெரியவர்கள், "உங்களுக்குக் குலதெய்வம் எது?" என்று கேட்பார்கள். இரு வீட்டாருக்கும் ஒரே தெய்வம் என்றால் பங்காளி. எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் பெண் கொடுப்பதில்லை. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், மாமன்–மச்சான் உறவு தலைமுறைதோறும் தொடர்வதையே இம்மணமுறையின் மையமாகக் கண்டார். அவரது நூல் 1957-இல் வெளிவந்தது.

சாதி மறுப்பு மணத்தையும் 'முறைகெட்டது' என்று பழிப்பவர்கள் உண்டு. அதற்கு உயிரியலில் துளியும் ஆதாரமில்லை. தூரத்து மணத்தில் ஒடுங்கு மரபணு நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு குறையவே செய்கிறது.